செபத்தின் மறுபாதி

நோர்வேயில் காதில் கருவியைச் செருகிக்கொண்டு பேருந்து முழுக்கக் கேட்கப் பேசினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் செபித்ததும் தாதி ஓடி வந்துவிட்டாள்.

"யாரோடு பேசுகிறீர்கள்?"

"மாதாவோடு," என்றேன், என் அரைகுறை நொர்ஸ்க் மொழியில்.

"நடுவில் நிறுத்திக் காத்திருக்கிறீர்களே, அவர் பதில் சொல்கிறாரா?"

"இல்லை. பதில் சொல்வது என் கணவர்."

"அவர் எங்கே?"

"இலங்கையில், எங்கள் ஊர் பேசாலையில்."

அரைமணி நேரத்தில் மனநல மருத்துவர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். அட மாதாவே! நெஞ்சு வால்வு பழுதென்று வந்தவளுக்கு மண்டையும் பழுதென்று எழுதிவிடப் போகிறார்களே என்று சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவருக்கு எப்படி விளக்குவது? எங்கள் மன்னார்த் தீவில் பொழுதுபட்டால் வீட்டில் எல்லோரும் முழங்காலில் நிற்போம். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் மாதா செபத்தின் முன்பாதியைத் தொடங்க, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். அப்பா கடலுக்குப் போய்விடுவார்; தொடங்குவது மூத்தவளான என் வேலை. சண்டைக் காலத்தில், வீடு வீடாகச் சோதனை நடந்த ஒரு சுற்றிவளைப்பு நாளில் எங்கள் ஒழுங்கைக்குள் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டபோதும் நான்தான் தொடங்கினேன். குரல் நடுங்கியது. அம்மாவும் தம்பிமாரும் பதிலை ஓங்கிச் சொன்னார்கள். நான் அடுத்த மணிக்குப் போனேன். கலியாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். நான் தொடங்குவேன், என் கணவர் சூசை முடிப்பார்.

மீன் தொழிற்சாலை வேலைக்கென்று இங்கே வந்து நான்கு வருடங்கள். அவருக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. தனி அறையில் முன்பாதியைச் சொல்லிவிட்டு, அவர் சொல்லி முடிக்கிற அளவுக்கு இடம் விட்டு, அடுத்ததைத் தொடங்குவேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். அந்த இடைவெளியில் மட்டும்தான் இந்த ஊரில் எனக்கு ஓர் ஆள் இருந்தது.

"அந்த மறுபாதியில் என்ன வருகிறது?" என்று மருத்துவர் கேட்டார்.

சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே செபமாலையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வருவது அதில்தான். கோயிலில் கூட்டத்தோடு சொல்லியிருக்கிறேன். தனியே என் வாயால் சொன்னதேயில்லை. சாவு என்றாலே எனக்கு அவ்வளவு பயம். ஒப்பரேசனுக்கான சம்மதப் பத்திரத்தை இரண்டு தடவை கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பியதும் அந்தப் பயத்தால்தான். இனியும் தள்ளிப்போட்டால் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

மருத்துவர் போன பிறகு மறுபாதியை நானே சொன்னேன். முதல் மணியில் அழுதேன். பத்தாவது மணியிலும் அழுதேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்குள் நான் தனியே இல்லை என்று மட்டும் மனத்துக்குப் பட்டது. ஐம்பத்து மூன்று மணியையும் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, தாதியைக் கூப்பிட்டுப் பேனை கேட்டேன்.

மறுநாள் காலை, ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக ஆள் வருவதற்கு முன் சூசைக்குப் போன் எடுத்தேன்.

"கையெழுத்து வைச்சிட்டன், இஞ்சாருங்கோ."

"பயமாக் கிடக்கோ, பிலோமினா?"

"ஓம், பயம்தான். எண்டாலும் போறன்."

"எனக்கும் பயம்தான். நீ தொடங்கு."

தொடங்கினேன். முன்பாதி முடிந்தும் என் வாய் நிற்கவில்லை; அவரும் தன் பாதியைத் தொடங்கிவிட்டார். போனில் அவர் குரல் ஒரு மூச்சுப் பிந்தியே வந்தது. தாதி வந்து கட்டிலைத் தள்ளத் தொடங்கியபோது, மரண நேரம் என்ற சொல்லை நான் நோர்வேயில் சொல்லிவிட்டேன். பேசாலையில் அவர் இன்னும் அந்தச் சொல்லுக்கு வந்து சேரவில்லை.