பதினான்காவது இடத்தில் மலை

கூட்டம் நடத்துவது அதிகாரிகளின் தொழில். அதற்கு முன்னால் நாற்காலி இரவல் வாங்குவதிலிருந்து அழைப்புக் கடிதத்தில் ‘தவறாமல்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுவது வரை என் தொழில். கள்ளக்குறிச்சியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் பதினொரு வருடம் கூட்டப் பிரிவு எழுத்தராக இருந்தேன். ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, உருளையைச் சுற்றிப் பிரதி எடுத்த காலம். மாதம் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுச் சட்டைக் கையில் மையோடு வீடு திரும்பியவர்கள் எல்லாரும் எனக்கு உறவுதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கைவைத்த நாற்காலி

அவையில் எப்படிப் பேச வேண்டும் என்று நம் முன்னோர் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று ஒரு வரி கிடையாது. எங்களிடம் கைவைத்த நாற்காலி இரண்டு. ஒன்று அதிகாரிக்கு. மற்றதற்குச் சங்கராபுரம் டாக்டரும் சின்னசேலம் டாக்டரும் போட்டியிட்டார்கள். இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஒரு மாதம் யோசித்து, அந்த நாற்காலியையே பின்னறையில் போட்டுப் பூட்டினேன். அன்று இருவருமே என்னோடு பேசவில்லை. இருபது வருடக் கூட்டங்களைப் பார்த்திருந்த எங்கள் கண்காணிப்பாளர் தங்கவேலு என்னைத் தேற்றினார்: “ரெண்டு பேரும் உம்மேல கோவமா இருந்தா நல்லதுதான் தம்பி, அவங்களுக்குள்ள சண்ட வராது.”

முதல் நாளே நடந்த கூட்டம்

கூட்டத்தில் நடந்ததை எழுதுவதுதான் நடவடிக்கைக் குறிப்பு என்கிறது விதி. எங்கள் அலுவலகத்தில் அதைக் கூட்டத்துக்கு முதல் நாளே எழுதி முடித்துவிடுவோம். போன மாதக் குறிப்பே மூலம். பதினான்கு சுகாதார நிலையங்களுக்கும் தலைக்கு ஒரு வரி, தேதி மட்டும் மாறும். சங்கராபுரம்: பணி திருப்தி. சின்னசேலம்: மேலும் முனைப்புத் தேவை. கடைசியாகப் பதினான்காவது பொருள், கல்வராயன் மலை: பேச ஏதுமில்லை.

மலைக்கு அந்த வரி மூன்று மாதமாக மாறவில்லை. எழுத்துப்பிழையைத் தவிர வேறெதையும் தேடிப் பழகாத நான் அது ஏன் என்று கேட்கவுமில்லை. கூட்டம் முடிந்த பிறகு எழுதினால் என்ன என்று மட்டும் ஒருமுறை தங்கவேலுவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நடந்தப்புறம் எழுதினா தப்பு வரும் தம்பி.”

மிஞ்சிய டீ

எங்களுக்கு டீ கொடுத்தவர் பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த கபூர் பாய். பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ. ஒரு மாதம் நாலு மணிக்கு ஒரு கிளாஸ் குறைந்தது. நான் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்து வாதாடினேன். அவர் நிதானமாக, மலையிலிருந்து வரும் நர்சம்மா ரெண்டு மணி வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுவதைக் கடையிலிருந்தே மாதாமாதம் பார்ப்பதாகச் சொன்னார். அதை விட்டால் மலைக்கு மறுநாள்தான் பஸ்.

பதினான்காவது பொருள் எப்போதும் நாலரைக்குத்தான் வரும். பேச ஆள் இல்லாததைத்தான் பேச ஏதுமில்லை என்று நான் எழுதி வந்திருக்கிறேன். பதிவேட்டை மூடினேன். கபூர் பாய் விடவில்லை. “டீ இங்க ஆறிக்கினு இருக்கும், குடிக்கிற அம்மா பாதி மலை ஏறியிருப்பாங்க. அத இன்னாத்துக்கு நான் கொண்டாரணும்?”

மூன்று கடிதங்கள்

அந்த நர்சின் பெயர் சரோஜா. அவர் அனுப்பிய கடிதங்களைத் தேடி எடுத்தேன். மூன்று. மூன்றின் ஓரத்திலும் ‘கூட்டத்தில் வைக்கவும்’ என்று தங்கவேலு எழுதியிருந்தார். மலைக்கென்று இருந்த ஜீப் பழுது பார்க்கக் கீழே வந்தது. பழுது நீங்கி மூன்று மாதம். திருப்பி அனுப்பக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கும் வரை அதிகாரி அதில் முகாம் போய்வந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது கடிதத்தில் நாலு கர்ப்பிணிகளின் பெயர், பிரசவத் தேதி. எல்லாம் அடுத்த மாதத்துக்குள். அவர்களில் ஒருத்தி போன தடவை டோலி கட்டித் தூக்கிவந்த வழியிலேயே குழந்தையைப் பறிகொடுத்தவள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு சரோஜா மருந்து வாங்க வந்தார். இந்தத் தடவை பேச்சு வரும், வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மருந்துப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியபடியே சொன்னார்: “வலி உங்க கூட்டத் தேதிய கேட்டுக்கினு வராது சார்.”

ரெண்டு மணி பஸ்

யாரையும் கேட்காமல் மலையை முதலிடத்துக்கு ஏற்றி ஸ்டென்சில் வெட்டினேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே கலகம். அதிலும் ஓரம் ஒன்றரை அங்குலம் சரியாக விட்டிருந்தேன். அதிகாரி தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வழக்கப்படியே போவோம் என்று சங்கராபுரத்தைக் கூப்பிட்டார்.

மணி ஒன்று. ஒன்றரை. ‘மலைக்கு ரெண்டு மணிக்குக் கடைசி பஸ்’ என்று ஒரு சீட்டு எழுதி அவர் முன்னால் வைத்தேன். படிக்காமலே அதன்மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார். இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில், வழக்கம்போல எல்லாரும் சரோஜா எழுந்துகொள்ள வழிவிட்டார்கள். அவர் மடியிலிருந்த பையை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். பஸ் நிலையத்துப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டு அடங்கியது.

நாலரைக்குப் பதினான்காவது பொருள். தாளை மூடப்போன அதிகாரி நிமிர்ந்து, இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லையா என்று கேட்டார். சரோஜா எழுந்து நாலு பெயரையும் நாலு தேதியையும் வாசித்தார். டோலியில் நடந்ததையும் சொன்னார். குரல் உயரவில்லை. சின்னசேலம் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஜீப் அங்கேதான் நின்றது. அடுத்த மாதம் பரிசீலிக்கலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்திருப்பார். சரோஜா முந்திக்கொண்டார்: “பஸ்ஸு போய்ட்டுதுங்க சார். இனிமே நான் வூட்டுக்குப் போவணும்னாலே அந்த ஜீப்புலதான் போவணும்.”

ஐந்து மணிக்கு ஜீப் அவரோடு மலைக்குப் புறப்பட்டது. ஒன்பதாம் நாள், முதல் குழந்தையைப் பறிகொடுத்தவள் அதே ஜீப்பில் இறங்கிவந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணைப் பெற்றாள். பதினொரு வருடத்தில் நான் ஏற்பாடு செய்த கூட்டங்களில் உண்மையிலேயே ஏதோ ஒன்று முடிவானது அந்த ஒன்றில்தான். அதற்குத்தான், வரிசையை ஏன் மாற்றினாய் என்று, என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள்.