சின்னம்மாளின் வாக்குமூலம்

ஆரணியில் பட்டு நூல் இழைக்கிற சின்னம்மாள் புருஷனைக் கொன்றதாகத் தானே ஒப்புக்கொண்டாள் என்று ஊரே பேசியது. ஊர் எதைத்தான் பேசாது? பெற்ற மகள் தீபாவும் அதை நம்பியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புருஷன் தங்கவேலு நல்ல நெசவாளி, மோசமான குடிகாரர். ஆடி மாதத்தில் ஒரு நாள் விடிந்தபோது தறிக்குழிக்குள் மண்டை உடைந்து கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டிருந்தார்கள். அவர்கள் சண்டை போடாமல் இருந்திருந்தால்தான் தெரு ஆச்சரியப்பட்டிருக்கும். போலீஸ் வந்தது. உடலை ஆஸ்பத்திரிக்கும் சின்னம்மாளை ஸ்டேஷனுக்கும் அனுப்பியது. அங்கே அவளை யாரும் அடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, "நீ பேசுனாத்தாம்மா பாடி ஜல்தியா கெடைக்கும்" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் குப்புராஜ் ஸ்டேஷனுக்கு வந்தார். பெரணமல்லூர் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். வி.ஏ.ஓ. என்றால் நம் ஜனங்களுக்கு சர்டிபிகேட்தான் ஞாபகம் வரும். ஆள் செத்துப்போயிருக்கிறார், வாரிசு சர்டிபிகேட் எழுதத்தான் வந்திருக்கிறார் என்று சின்னம்மாள் நினைத்தாள். காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். போதாக்குறைக்கு, "ரொம்பப் புண்ணியங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவளாகவே வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்து வந்து, மனசு கேட்காமல் கொலையை ஒப்புக்கொண்டதாக அந்தத் தாளில் எழுதியிருந்தது. போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. வி.ஏ.ஓ.விடம் தானாகச் சொன்னதாக இருந்தால் செல்லுபடியாக வழி உண்டு. அதற்காகத்தான் இத்தனை சுற்றுவேலை.

உடல் கிடைத்தது. ஆனால் அதற்குள் சின்னம்மாளை வேலூர் ஜெயிலுக்கு ஏற்றிவிட்டார்கள். கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தீபாதான் வந்து அப்பாவின் உடலை வாங்கினாள். அப்போது ஸ்டேஷனில் அவளுக்கு அந்தத் தாளைக் காட்டினார்கள். முழுக்கப் படித்தாள். கீழே அம்மாவின் கோணல் கையெழுத்து இருந்தது. அதோடு சரி, ஜெயிலுக்கு அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா ஜாமீனில் வந்து போன் செய்தபோதும் எடுக்கவில்லை.

இலவச சட்ட உதவியில் இளஞ்செழியன் என்கிற இளவயது வக்கீல் கிடைத்தார். அவர் வீட்டுக்கே வந்து வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். "என் கணவர் தங்கவேலு தினமும் குடித்துவிட்டு வந்து..." என்று ஆரம்பித்ததுமே சின்னம்மாள் வாயில் கை வைத்தாள்.

"இன்னா சார் இது! அவரு பேர நான் சொன்னன்னா எழுதிகிறாங்க?"

"கொலை பண்ணேன்னே எழுதியிருக்காங்கம்மா. நீங்க பேருக்குப் பதறுறீங்களே!"

"கட்டிகினு வந்ததுலர்ந்து அந்தப் பேரு என் வாய்ல வந்ததில்ல சார். ரேஷன் கடையில கேட்டாக்கூட எம் பொண்ணுதான் சொல்லும்."

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் வாசலில் நின்றபடியே சேர்ந்துகொண்டாள். "தங்கம்னு ஒரு தபா சொல்லச் சொல்லுங்க, பாப்பம்! நகைக்கடையிலகூட பவுனுன்னுதான் சொல்லும்."

வக்கீல் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

விசாரணையில் குப்புராஜ் சாட்சிக்கூண்டில் ஏறியதும், "இந்தம்மாவையோ இவங்க வீட்டுக்காரரையோ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று இளஞ்செழியன் கேட்டார்.

"தெரியாது. பேரு, விவரம் எல்லாம் அவங்க வாயால சொன்னதுதான். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

"முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட வந்து எதுக்குங்க கொலையச் சொல்லணும்?"

குப்புராஜ் அரசு வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். ஜட்ஜம்மா அதைக் குறித்துக்கொண்டார். சின்னம்மாள் புருஷன் பெயரைச் சொல்லித் தான் கேட்டதே இல்லை என்றும், உடல் கிடந்த அன்றைக்கே போலீஸ் கூட்டிப்போனவள் அப்புறம் வீடு திரும்பவில்லை என்றும் விருத்தாம்பாளும் சாட்சி சொன்னாள். அரசு வக்கீல் விடவில்லை. "எந்தக் காலத்துல இருக்கோம்? இதெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம்" என்றார்.

சாட்சிகள் முடிந்து சின்னம்மாளைக் கேள்வி கேட்கிற நாள் வந்தது. அன்றைக்குத் தீபாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் சண்டை போடுவார்கள் என்று போன வாய்தாவிலேயே அவள் சாட்சி சொல்லிவிட்டாள். இன்றைக்கு எதற்கு வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஜட்ஜம்மா கேட்டார். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

சின்னம்மாள் தரையைப் பார்த்தாள். கேட்கிறவர் ஜட்ஜு, சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு உள்ளே தள்ளிவிடுவாரோ என்று பயந்தாள். நாக்கோ எழவே இல்லை. பழக்கதோஷத்தில் திரும்பி மகளைப் பார்த்தாள்.

தீபா எழுந்து நின்று, "தங்கவேலுங்க" என்றாள்.

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது, இங்கேயும் தானாகச் சொல்லிவிட்டது. என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. நின்றபடியே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தீர்ப்புக்கு ஒரு மாதம் ஆனது. பெயர் விஷயத்தை மட்டும் வைத்து வாக்குமூலத்தைத் தள்ளிவிட முடியாது என்றார் ஜட்ஜம்மா. முன்பின் தெரியாத ஓர் அதிகாரியைத் தேடிப்போய் ஒருத்தி கொலையைச் சொன்னாள் என்பது நம்பும்படியாக இல்லை, அந்த நேரத்தில் அவள் ஸ்டேஷனில்தான் இருந்திருக்கிறாள், ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை என்பதும் பொய் என்று தெரிகிறது, ஆகவே அந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்றார். போதையில் குழிக்குள் விழுந்தாலும் அப்படிக் காயம் படலாம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேறு சாட்சியம் ஏதுமில்லை. சின்னம்மாளுக்கு விடுதலை.

வெளியே பஸ் ஸ்டாண்டில் தீபா பின்னாலேயே வந்து நின்றாள்.

"கையெழுத்து உன்னுதா இருந்திச்சிம்மா. நான் இன்னா பண்ணுவன்?"

சின்னம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஜெயிலில்கூட வராத கோபம் அப்போது வந்தது.

"போலீசுக்கு என்னைத் தெரியாது. அந்த வி.ஏ.ஓ.வுக்குத் தெரியாது. முழுசாப் படிச்சியேடி, உங்கப்பா பேர நான் சொன்னன்னு போட்டிருந்ததே, உனுக்குமாடி தெரியல?"

தீபா அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள்.