பால் பொங்கிய டயாலிசிஸ் நிலையம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நர்சாக, நோயாளிகள் வாயில் 'மிஸி'யாக, இருந்த காலம் முழுக்க, நோயாளிகள் கூடுதலாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் எடை பார்க்கும்போதே கண்டுபிடித்து ஏசிவிடுவேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்தப் பிரிவையே ஒருநாள் மூடினார்கள். நஷ்டமாம். கூட்டம் போட்டு, தேநீரும் கறிபாப்புப் பலகாரமும் கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கறிபாப்பை நான் தொடக்கூட இல்லை, அவ்வளவு கோபம்.

ஆனால் இது அழுகைக் கதை இல்லை. ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் சங்கம் ஒரு கடைவீட்டை எடுத்துச் சிறிய டயாலிசிஸ் நிலையம் திறந்தது. வேலை போனவர்களில் மூன்று பேரை அழைத்தார்கள், நானும் ஒருத்தி. டயாலிசிஸ் நாற்காலிகளில் நோயாளிகள் நிறைந்தால்தான் எங்களை வைத்துக்கொள்ள முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் பழைய நோயாளிகளையோ மருத்துவமனை நகரின் மறுகோடியிலுள்ள தன் பெரிய நிலையத்துக்கு மாற்றி, வேனும் விட்டிருந்தது. வேனை விட்டுவிட்டு, ஏசுகிற என்னிடம் யார் வருவார்?

திறப்பு நாள் காலை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துடைத்த மெஷினையே மறுபடி துடைத்தேன். புது இடம் என்றால் பால் காய்ச்சியே ஆகவேண்டும் என்றார் சங்கச் செயலாளர் அக்கா. வாசலில் அடுப்பு வைத்தோம். பால் பொங்கி வழிந்ததும் எல்லோரும் கத்தினோம், என் குரல்தான் பெரிது. அந்த நேரம் பார்த்துச் செம்பனைத் தோட்டத்துச் சாலையிலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. எங்கள் பழைய நோயாளிகள்! சந்தோஷம் தலைக்கேறி, பாலைக் கப் நிறைய ஊற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன்.

என்னிடம் அதிகம் ஏச்சு வாங்கியவர் ஒரு முன்னாள் லோரி ஓட்டுநர். அவர் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா லா மிஸி, ஒரு மடக்குத் தண்ணிக்கே அந்த ஏச்சு ஏசுவீங்க. இப்ப நீங்களே முழு கப்பு பாலு குடுக்குறீங்க?"

கூட்டமே சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஓடி ஓடிக் கப்புகளைப் பிடுங்கினேன். ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டிப் பால்தான், நாக்கில் படும் அளவுக்கு.

"வேன்லயே சொகுசா போயிருக்கலாமே, அண்ணே?" என்று கேட்டேன்.

"அங்கயும் நல்லவங்கதான். ஆனா எவ்வளவு குடிச்சிட்டுப் போனாலும் ஒரு வார்த்த ஏச மாட்டேங்கிறாங்க. பயமா இருக்கு மிஸி." சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார். "என் நாற்காலி எது?"

"நாற்காலி அப்புறம். மொதல்ல எடை!"

ஏறினார். முள் எகிறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய் நிறைய ஏசினேன்.