படிக்கட்டைப் பூட்டி வைத்த புது ஆபீஸ்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. "வேலை இடத்திலேயாவது எழுந்து நடங்க, படி ஏறுங்க," என்றார் டாக்டர். புலாவ் செபாங்கில் எங்கள் கிளை ஆபீஸ் ஒரே ஒரு கடையறை. கையை நீட்டினால் டெலிபோன், காலை நீட்டினால் வாசல். எங்கே நடப்பது? அந்தச் சமயத்தில்தான் மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் புதிதாகக் கட்டிய தலைமை ஆபீசுக்கு மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். நான்கு மாடிக் கட்டடம். பிடித்திருந்தால் மாற்றல் கேட்கலாம் என்று கிளம்பினேன்.

காலை ஏழு மணி பஸ். மலாக்கா நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நின்று நின்று போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டாக்சி, ஆறு மலேசிய வெள்ளி. கொஞ்சம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன் என்றால் டிரைவர் விடவில்லை. "ஏன்க்கா வெயில்ல போறீங்க? லிப்ட் வாசல்லயே விடுறேன்லா!"

சொன்னபடியே விட்டார். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் எதிரே லிப்ட். படிக்கட்டைத் தேடினேன். கழிவறைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு, அதில் பூட்டு. "உள்ள ஸ்டோர் சாமான் கெடக்கும்மா. லிப்ட் இருக்கே, அப்புறம் படி எதுக்கு?" என்றார் காவலாளி.

மூன்றாவது மாடியில் மதியம் வரை உட்கார்ந்தே இருந்தோம். சாப்பாட்டுக்கு முதலில் கிளம்பியவள் கணக்குப் பிரிவு பரமேஸ்வரி. ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் ஏறிய லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்றால் எங்கள் மாடியிலும் படிக் கதவு பூட்டு. சாவி மேனேஜரிடம். மேனேஜர் மஸ்ஜித் தானா ஊரில் கல்யாண விருந்தில்.

லிப்ட் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பரமேஸ், பயப்படாதே, உக்காந்துக்கோ!" என்று கத்தினேன்.

"உக்காந்துதான்கா இருக்கேன்! காலையிலேருந்து அதைத்தானே செய்றோம்!"

பழுது பார்ப்பவர் வந்து, லிப்டை ஓட வைத்து எங்கள் மாடியில் கதவைத் திறக்க ஒரு மணி நேரம் ஆனது. வியர்வையில் நனைந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நல்ல வேளை, அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்த மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னொரு லிப்ட் போட்டுடலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "படியைத் திறங்க சார். அதுவரைக்கும் மீட்டிங்குக்கு நாங்க வரமாட்டோம்." சொல்லிவிட்டுக் கீழே வாசலிலேயே நின்றுகொண்டேன். மற்றவர்களும் வந்து என்னோடு நின்றார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜர் முணுமுணுத்தபடி பூட்டைத் திறந்தார்.

பெட்டிகளை நாங்களே வெளியே தூக்கிப் போட்டோம். அதற்குப் பிறகுதான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. அந்தப் படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டே ஏறலாம், அவ்வளவு அகலம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் உயர ஜன்னல், காற்று, வெளியே குன்று. கட்டடத்தை வரைந்தவர் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறார். நம் ஆட்கள் அதில் பழைய நாற்காலியை அடுக்கியிருக்கிறார்கள்!

மாற்றல் கேட்டேன், கிடைத்தது. சர்க்கரையும் மெல்ல இறங்கியது. இதுபோல் ஆபீஸ் வேலையாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: டாக்சியை வாசல் வரை விடாதீர்கள், உள்ளே நுழைந்ததும் படி எங்கே என்று கேளுங்கள், கதவைத் தள்ளியும் பாருங்கள்.

பிரசவ லீவு முடிந்து வந்த அன்று பரமேஸ் முதல் தடவையாக அந்தப் படியில் ஏறினாள். மூச்சு வாங்க ஜன்னலருகே நின்று, வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதையாக்கா பூட்டி வச்சிருந்தானுங்க?"