எட்டில் விழுந்த துண்டு

சலூன்காரர் எந்தச் சண்டைக்கும் போகாத மனுஷர். சண்டை அவரைத் தேடிக் கடைக்குள்ளேயே வந்தாலும், "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்று சொல்லி, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி குத்துச்சண்டைக்காரி. தலையெழுத்து, வேறென்ன சொல்ல!

கடை சின்னது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சில் நாலாவது ஆள் உட்கார்ந்தால் முதல் ஆள் வாசலில் இருப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு இந்த ஒரே வேலைதான். அந்த வேலையோடு சேர்ந்து வளர்ந்த பழக்கம் ஒன்றும் உண்டு. முடி வெட்டி, கழுத்தைத் துடைத்து, பவுடர் தட்டியதும், வாடிக்கையாளரின் தோளில் கிடக்கும் துண்டை உருவிப் பக்கவாட்டில் ‘பட்’டென்று ஓர் உதறு உதறுவார். வேலை முடிந்தது என்று அர்த்தம். அதை அவர் யோசித்துச் செய்வதே இல்லை. மூச்சு விடுவதை யாராவது யோசித்துச் செய்கிறார்களா? இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய மனைவி பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவள். நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷைத் தூக்கி, பஸ்ஸின் கூரை வரைக்கும் தேய்த்துத் தேய்த்து அவள் தோள் இரண்டும் கல்லாகியிருந்தன. கல்யாணமான புதிதில் ஊர் அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் முதல் ரவுண்டிலேயே ஒரு குத்து வாங்கி மல்லாந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. படுத்த வாக்கில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். மறுநாள் டிப்போவில் எவனோ ஒரு புண்ணியவான், "என்ன மெத்தை, தூக்கம் கலைஞ்சுதா?" என்று கேட்டான். அன்றையிலிருந்து அவள் பெயர் மெத்தை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. டிரைவர், கண்டக்டர், டீ கொண்டுவருகிறவன், நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் எல்லாருக்கும் அவள் மெத்தைதான். அவளும் திரும்பிப் பார்த்து, "என்னப்பா?" என்று கேட்கப் பழகிவிட்டாள். அவள் எதையும் மறக்கவில்லை என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அதே அரங்கில் மறுபடியும் போட்டி என்று அறிவிப்பு வந்தது. நாற்பது வயது ஆனவர்களை மேடை ஏற விடமாட்டார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது. இதை விட்டால் கிடையாது. சாகும்வரை மெத்தைதான்.

"ஒரே ஒரு தடவை அந்த ரிங்குல நின்னுக்கிட்டு ஜெயிக்கணும்ங்க. அப்புறம் நீங்க சொல்றபடி இருக்கேன்."

"எப்ப நான் சொல்றபடி இருந்தே, அப்புறம் இருக்கிறதுக்கு?" என்றார் சலூன்காரர். ஆனால் அன்றைக்கு அவளைத் தூக்கிப்போனவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கனம் இன்னும் அவர் கையில் இருந்தது.

மாமியார் வேறு கூடவே இருந்தாள். ஒரே மகள், எங்கே போவாள்? "மாப்பிள்ளை, நீங்க அதட்டி வைக்கக் கூடாதா? இந்த வயசுல மூஞ்சியை உடைச்சுக்கிட்டு வந்து நின்னா யாரு பார்க்கிறது?"

"நீங்க பெத்த பொண்ணு அத்தை. நீங்களே அதட்டிப் பாருங்க."

மாமியார் அதட்டிப் பார்த்தாள். மகள் காதிலேயே வாங்கவில்லை. விடிந்தும் விடியாமலும் ஓடினாள். டிப்போவின் மூலையில் கிழிந்த பஸ் சீட்டு ஸ்பாஞ்சைச் சாக்கில் அடைத்துத் தொங்கவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதைக் குத்தினாள். பார்த்தவர்கள், "மெத்தை மெத்தையைக் குத்துதுடா" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், நாசமாய்ப் போகிறவர்கள்.

முதல் சுற்றையும் அரையிறுதியையும் தட்டுத்தடுமாறிப் புள்ளியில் ஜெயித்தாள். இறுதிப் போட்டியில்தான் வந்தது வினை. எதிராளி அவளுடைய குத்துச்சண்டைச் சங்கத்திலேயே பயிற்சி எடுக்கும் இளம்பெண். இத்தனை நாள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த கோச் நைசாக இளம்பெண்ணின் மூலைக்குப் போய்விட்டார். "உனக்கென்ன, இதோட முடிஞ்சிடும். அதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று ஒரு சமாதானம் வேறு. மூலையில் ஆள் இல்லாமல் மேடை ஏற விடமாட்டார்கள். தண்ணி கொடுக்க, ரத்தம் துடைக்க, தாங்க முடியாமல் போனால் துண்டை ரிங்குக்குள் எறிய ஓர் ஆள் வேண்டும். துண்டு உள்ளே விழுந்தால், எங்கள் ஆள் இனி ஆடாது, தோற்றுவிட்டோம் என்று அர்த்தம். விழுந்த துண்டைத் திரும்ப எடுக்க முடியாது.

"நீங்க நில்லுங்க" என்றாள், சமையல்கட்டு வாசலை மறித்துக்கொண்டு.

"நானா? எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே..."

"ஷேவிங்ல ரத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"படிகாரம் தேய்ப்பேன்."

"அதையே தேயுங்க. ஆனா ஒண்ணு. துண்டை மட்டும் போட்டுடாதீங்க. நான் செத்தாலும் போடக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் பண்ணினார். பண்ணாமல் அந்தச் சமையல்கட்டை விட்டு வெளியே வந்திருக்க முடியாது.

அரங்கம் நிறைந்திருந்தது. டிப்போவே திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது, பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. முதல் ரவுண்டில் இளம்பெண் இவளைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தாள். இவள் குத்தெல்லாம் காற்றில் போனது. இரண்டாவது ரவுண்டைப் பற்றிச் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. வலதுபக்கம் வந்த அடிகள் அவளுக்குத் தெரியவே இல்லை, வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு முழங்கால் தரையில் பட்டது. பின்னாலிருந்து ஒருவன், "மெத்தை, படுத்துக்கோ!" என்று கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சலூன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டு அவர் கைக்கு எப்போது வந்ததென்று தெரியாது. கை மேலே போனது. எறிந்தால் முடிந்தது, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம், கண்ணாவது மிஞ்சும். சத்தியம் ஞாபகம் வந்தது. துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றார். அழுகை வேறு வந்தது. அந்த ஒரு ரவுண்டில் அவர் பட்ட பாட்டை அவளே பட்டிருக்கமாட்டாள்.

பெல் அடித்ததும் அவள் வந்து ஸ்டூலில் விழுந்தாள். அவர் புருவத்தை அழுத்தி, படிகாரம் வைத்து, ரத்தம் வழியாமலிருக்க வழுவழுவென்ற வாசலின் களிம்பை அப்பினார். அப்பிய அவசரத்தில் பாதிக் களிம்பு அவர் விரலிலேயே இருந்தது.

"போதும்மா. கெஞ்சிக் கேட்கிறேன்."

"துண்டு எங்கே?"

"தோள்ல இருக்கு."

"அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்தாள்.

மூன்றாவது ரவுண்டில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் டிப்போவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சலூன்காரர் பார்த்தது இதுதான். இளம்பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. எப்போதும் முதல் இரண்டு ரவுண்டிலேயே ஜெயித்துப் பழகியவள் அவள், மூன்றாவது ரவுண்டு அவளுக்குப் புதுசு. இவளுக்கோ, வரிசையாக நிற்கும் அத்தனை பஸ்ஸையும் தேய்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கும் பிரஷ்ஷைத் தூக்குகிற தோள். தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே புகுந்தாள். விலாவில் ஒன்று. மறுபடி அதே இடத்தில் ஒன்று. இளம்பெண் பின்வாங்கினாள், இவள் விடவில்லை. கயிறு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். கூட்டத்தின் சிரிப்பு எங்கே போனதோ! டீ கொண்டுவருகிறவன் பெஞ்சு மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினான். கீழேயிருந்து மேலே, பஸ் கூரைக்குப் பிரஷ்ஷை ஏற்றுவது மாதிரி ஒரு குத்து. இளம்பெண் அப்படியே மடங்கி விழுந்தாள்.

நடுவர் எண்ண ஆரம்பித்தார். பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்காவிட்டால் தோல்வி. ஒன்று, இரண்டு. இளம்பெண் அசையவில்லை. ஐந்து. கோச் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆறு, ஏழு. ரிங்கின் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதே ரிங், அதே விளக்கு. படுத்திருந்தது வேறு ஆள். சலூன்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. முடிந்தது, அம்மாடி, எல்லாம் முடிந்தது!

எட்டு.

அவர் கை தோளுக்குப் போனது. துண்டை உருவியது. ‘பட்’டென்று உதறியது. விரலெல்லாம் வாசலின் களிம்பு. துண்டு வழுக்கிக்கொண்டு கயிற்றுக்கு மேலே பறந்து, நடுவரின் காலடியில் போய் விழுந்தது.

நடுவர் எண்ணுவதை நிறுத்தினார். துண்டைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அவருக்கே நம்ப முடியவில்லை போல. ஆனால் கோச் அதற்குள், "துண்டு விழுந்தாச்சு! துண்டு விழுந்தாச்சு!" என்று குதித்தார். விதி விதிதான். தரையில் கிடந்தவளைக் கைத்தாங்கலாக எழுப்பி, நிற்க முடியாமல் தள்ளாடிய அந்தப் பெண்ணின் கையைத்தான் நடுவர் உயர்த்தினார். நின்றுகொண்டிருந்தவள் தோற்றாள்.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார்.

"கைப்பழக்கம்மா. தெரியாம..." என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொன்னார்.

"நான் மேடை ஏறுறது மொதல்லேர்ந்தே பிடிக்காதவர்தானே நீங்க" என்றாள் வாசலில் நின்று. பேச்சு அதோடு சரி.

மாமியார் இருக்கிறாளே, அவள் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினாள். "நல்ல காரியம் பண்ணினீங்க மாப்பிள்ளை! என் பொண்ணைக் காப்பாத்திட்டீங்க" என்று மகள் காதில் விழும்படி தினமும் மெச்சினாள். அவர், "ஐயோ அத்தை, நான் வேணும்னு பண்ணலை" என்று மன்றாட, "சும்மா சொல்லுங்க, நான் தப்பா நினைக்கலை" என்று இவள் இன்னும் மெச்சுவாள். தெருவில் அவருக்குத் துண்டுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பந்தயம் கட்டிக் காசு வாங்கினார் என்றான் ஒருவன். பொண்டாட்டி பெரிய ஆளாகிவிடுவாள் என்ற வயிற்றெரிச்சல் என்றான் இன்னொருவன். அவளை மெத்தை என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அவளுக்கு நாற்பதும் ஆகிவிட்டது.

அந்த நாளிலிருந்து சலூன்காரர் துண்டை உதறுவதில்லை. வேலை முடிந்ததும் அதை இரண்டு கையாலும் மெல்ல எடுத்து மடித்து, பின்பக்கம் கொண்டுபோய் முடியைக் கொட்டிவிட்டு வந்தார். எப்போதாவது கை தானாக எழும்பினால் இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொள்வார்.

மூன்று மாதம் போனது. ஒரு மத்தியானம் அவள் கடைக்குள் வந்தாள். கடைக்கு அவள் வந்ததே கிடையாது. வீட்டில் சமையல்கட்டில் உட்காரவைத்துப் பழைய போர்வையைப் போர்த்தி வெட்டிவிடுவார், போர்வையில் விழுந்த முடியை அவளே வெளியே கொண்டுபோய்க் கொட்டுவாள், அவர் உதறி அவள் பார்த்ததில்லை. பேச்சு நின்றதும் அதுவும் நின்றிருந்தது.

"முடி கண்ணுல விழுது. வேலை பார்க்க முடியலை" என்றாள், சுவரிடம் சொல்வது போல. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பெஞ்சில் லாரி டிரைவர் ஒருவர் காத்திருந்தார். நெடுந்தூர லாரி. போனால் மாதக் கணக்கில் திரும்பமாட்டார், ஊர்க்கதை எதுவும் தெரியாது. சலூன்காரர் வெட்டினார். புருவத்தில் தையல் தழும்பு வந்தபோது கத்தரி கொஞ்சம் நின்றது. கழுத்தைத் துடைத்தார். துண்டை மெல்ல எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"என்ன அண்ணே, புதுசா மடிக்கிறீங்க?" என்றார் டிரைவர். "உதறலையா? உங்க கடையில நான் கண்ணை மூடித் தூங்கிடுவேன். நீங்க ‘பட்’னு உதறுற சத்தம் கேட்டாத்தான் முடிஞ்சுதுன்னு எழுந்திருப்பேன். எத்தனை வருஷமா இதே சத்தம்! முடிஞ்சாத்தானே உதறுவீங்க, அதுக்கு முன்னாடி ஒரு நாளும் உதற மாட்டீங்களே."

 கண்ணாடியில் அவள் அவரைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள்.

"உதறுங்க" என்றாள்.

"வேணாம்மா."

"உதறுங்கன்னா உதறுங்க."

அவர் மடித்த துண்டை விரித்தார்.  பழகிய கை, மறக்கவில்லை. ‘பட்’.

"அப்ப, முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டீங்க."

"ஆமா."

"நான் ஜெயிச்சுட்டேன்னு."

"ஆமாம்மா. ஜெயிச்சுட்டே. நான் பார்த்தேனே."

அவள் முகம் கோணியது. இரண்டாவது ரவுண்டில் வராத அழுகை, நடுவர் தன் கையை உயர்த்தாமல் விட்டபோதும் வராத அழுகை அப்போது வந்தது. அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, முடியும் பவுடருமாக இருந்த அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு எண்ணியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா! ரெண்டே ரெண்டு!"

துண்டு உதறிய சத்தம் கேட்டதும் தன் முறை வந்துவிட்டது என்று டிரைவர் பெஞ்சிலிருந்து எழுந்திருந்தார். நாற்காலி காலியாகவில்லை. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.