வேண்டுமென்றே போட்ட பிழை

எங்கள் கணிதத் துறையில் புதன்கிழமை மதியம் ஆய்வுரை நடக்கும். ஊட்டிக் குளிருக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, சாப்பிட்ட கையோடு வந்து உட்காருபவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அது ஆமோதிப்பா தூக்கமா என்று மேடையிலிருந்து சொல்ல முடியாது.

என்னோடு ஆய்வு செய்த கேத்திக்கார நண்பன்தான் கிளப்பிவிட்டான்.

"ஒருத்தரும் கேக்கறதில்ல. சந்தேகமா இருந்தா உன் உரையில ஒரு தப்பைப் போட்டுப் பாரு."

போட்டேன். பறித்த தேயிலை காற்றில் வாடுவதைப் பற்றியது என் ஆய்வு. ஐந்தாவது பக்கத்தில் கழித்தல் குறியைக் கூட்டலாக்கினேன். அந்தச் சமன்பாட்டை நம்பினால், காற்றடிக்க அடிக்க இலை நனைந்துகொண்டே போக வேண்டும். கடைசியில் நானே உடைத்துச் சொல்லி எல்லாரையும் அசடு வழிய வைப்பதாகத் திட்டம்.

திரையில் ஐந்தாவது பக்கம் வந்தது. நிதானமாக வாசித்தேன். துறைத்தலைவர் தலையாட்டினார். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் "பிரமாதம்" என்றார். பின்வரிசையில் நண்பன் மப்ளரை வாயில் திணித்துக்கொண்டான்.

உரை முடிந்து நான் உடைத்துச் சொல்வதற்குள், "கேள்வி ஏதாவது?" என்றார் தலைவர்.

கதவருகே, கையெழுத்து வாங்க வருகைப் பதிவேட்டோடு நின்ற ஆபீஸ் அக்கா கை தூக்கினார்.

"ஏனுங்க மேடம், அந்தப் படத்துல இலை வாட நாலு நாளாகுதுங்களே? எங்க ஊட்டுக்காரரு மஞ்சூர் ஃபேக்டரிலதான் இருக்காரு. சாயங்காலம் பரப்புனா காலைல அரைக்க எடுத்துருவாங்க. நாலு நாள் கெடந்தா அழுகிப் போயிருமுங்க."

திரையைத் திரும்பிப் பார்த்தேன். வரைபடத்தில் நாலு நாள்தான் இருந்தது. அது நான் போட்ட பிழையே இல்லை. அலகு மாற்றும்போது எங்கோ சறுக்கியிருக்கிறேன். காது சூடேறியது.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நண்பன் எழுந்தான். "சார், அதுவும் வேணும்னேதாங்க போட்டோம்!"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "'அதுவும்'னா?"

ஐந்தாவது பக்கத்துக்குத் திரும்பிப் போய்க் காட்டினேன். பிரமாதம் சொன்னவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

திட்டு விழுந்தது. இருவரும் மன்னிப்புக் கடிதம் எழுதினோம். அதைத் தலைவர் ஒருமுறைக்கு இருமுறை படித்தார், இதில் என்ன ஒளித்திருக்கிறோமோ என்று.

அடுத்த புதன்கிழமை அறையில் நாற்காலி போதவில்லை. ஆளாளுக்கு நோட்டும் பேனாவுமாக வந்திருந்தார்கள். பேச வந்தவர் முதல் வரி எழுதியதும் நாலு பேர் கை தூக்கினார்கள். பாவம், அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது. ஊட்டிக்காரர்கள் பொல்லாதவர்கள் என்று மலைக்குக் கீழே உள்ள கல்லூரிகளில் பேச்சாகிவிட்டதாம்.

அக்காவை முன்வரிசைக்குக் கூப்பிட்டார்கள். "அட போங்க மேடம், எனக்கு ஆபீஸ்ல வேலை கெடக்குது" என்று பதிவேட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.