உயிரோடு இருப்பவருக்குப் போட்ட பூ

நான் படம் வரையக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கே சிரிப்புத்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் காலண்டர் முருகனைப் பார்த்து வரைந்தேன். இருபது வயதில் அதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம் என்று தோன்றிவிட்டது. கேன்வாஸில் வண்ணத்தை வாரி இறைத்து அதற்கு 'மௌனம்' என்று பெயர் வைத்தேன். பினாங்கு ஜார்ஜ்டவுன் காப்பிக் கடைக்காரர்கள் என் மௌனங்களை ஆசையாக வாங்கி மாட்டினார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஓர் உறுத்தல். ஒரு மூக்கை ஒழுங்காக வரைய எனக்குத் தெரியாது.

ஐம்பது வயதில் வெட்கத்தை விட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பழைய ஐரோப்பிய ஓவியர்களின் வழி அது. போட்டோவைப் பார்க்கக் கூடாது. எதிரே இருப்பதைக் கண்ணால் அளந்து, நிழல் நிழலாக வரைய வேண்டும். இரண்டு மாதம் ஒரே முட்டையை வரைந்தேன். "முட்டை நாறுதுலா, குஞ்சு பொரிக்கப் போறியா?" என்றார் கணவர். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது, வெளிச்சம் மாறாமல் இருக்கும் என்று புத்தகங்கள் சத்தியம் செய்தன. பினாங்கில் ஜூன் மாதம் சூரியன் நேராக என் வடக்கு ஜன்னல் வழியாகவே வந்து முட்டையின் மேல் உட்கார்ந்தது. எழுதியவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை போலும்.

முட்டைக்குப் பிறகு மனிதன். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார யார் வருவார்கள்? கடைசியில் கணவரே அகப்பட்டார். நாற்பது ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலோரம், முறைத்தபடி உட்கார்ந்தார். எனக்கு ஒரே பதைப்பு. இந்த முகத்தில் உயிர் வருமா, இல்லை வாழ்நாள் பூராவும் நான் வெறும் வண்ணம் பூசினவள்தானா?

ஒருவழியாகப் படம் முடிந்தது. டத்தோ கிராமாட் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் ஒரே ஓர் ஆணிதான் காலியாக இருந்தது, மாலை போட்டுத் தொங்கும் மாமனார் மாமியார் படங்களுக்குப் பக்கத்தில். அதில் மாட்டினேன். வெளிச்சம் அழகாக விழுந்த சந்தோஷத்தில் வேறெதுவும் என் புத்தியில் ஏறவில்லை.

மறுநாள் காலை, பைராம் தோட்டத்திலிருந்து கணவரின் பெரியம்மா மகள், தன் பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி வந்தார். நாங்கள் அவரைப் பார்த்து இரண்டு வருடம் இருக்கும். கணவர் கடைக்குப் போயிருந்தார். "உக்காருங்கக்கா, தண்ணி கலக்கிட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போனேன்.

ரோஸ் சிராப்போடு திரும்பி வந்தால், அக்கா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கணவரின் படத்துக்குப் போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்கிறார். துக்க வீட்டில் நீட்டக் கூடாதென்று பத்திரிகையைக் கைப்பைக்குள் திணித்துவிட்டிருந்தார்.

"எங்களுக்கு ஒரு போன் அடிச்சி சொல்லக்கூடாதாம்மா?" என்று என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு விஷயம் விளங்குவதற்குள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "பரவால்லமா. இந்தக் காலத்துல பொட்டு வெச்சிக்கலாம், தப்பில்ல" என்று முதுகைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்து, ஹெல்மெட்டும் ரொட்டி சானாய்ப் பொட்டலமுமாக வாசலில் வந்து நின்றார் 'காலமானவர்'. அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் நான் கேட்டது நியாயமே இல்லாத கேள்வி.

"அக்கா, போட்டோன்னா நெனச்சீங்க?"

"போட்டோவ பாத்து யாரும்மா இப்படி அழுவா? சாப்ட்டியாக்கான்னு இப்பக் கேட்டுருவான் போல இருந்துச்சு. அதான் தாங்கல."

எனக்குத் தலை கிறுகிறுத்தது. அந்த நிமிடம் யாராவது பாட்டுப் போட்டிருந்தால் ஆடியிருப்பேன். ஆனால் அக்கா விடவில்லை. "உயிரோட இருக்கற மனுசன செத்தவங்க பக்கத்துலயா மாட்டுவாங்க? பூ வேற போட்டுட்டேன். மொதல்ல கழட்டு." நியாயம்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.

கணவர் கையை நீட்டிப் பூச்சரத்தை மட்டும் எடுத்தார்.

"படம் இருக்கட்டும்லா" என்றார் அக்காவிடம். "முப்பது வருசமா இவ சோறு போடறப்பகூட என் மூஞ்சிய நிமிந்து பாத்ததில்ல, பெயிண்ட்தான் பாப்பா. இதுக்காக நாப்பது ஞாயித்துக்கிழம என்னைய மட்டும் பாத்தா, அக்கா. நான் கழட்ட விடமாட்டேன்."

அவருடைய மூக்கை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவள் நான். அவர் எதற்காக அத்தனை வாரமும் உட்கார்ந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது, கொள்ளை சந்தோஷமாகவும் இருந்தது. ஸ்டூலின் மேல் நின்றபடியே அழுதேன்.